மூக்குக்கு எதிரே ஒரு பானை

அந்தப் பல் செட் பட்டறையில் ஒரு சட்டம் உண்டு: தொடங்கியவரே முடிக்க வேண்டும். பல் மருத்துவர் அனுப்பும் ஈறு அச்சை எவர் தன் மேசைக்கு எடுத்துப் போகிறாரோ, அவரே மெழுகில் பல்லை அடுக்க வேண்டும். அவரே அதைப் பிளாஸ்டரில் புதைத்து, மெழுகை உருக்கி எடுத்து, அந்தப் பள்ளத்தில் ஈறு நிற மாவைத் திணித்து, பித்தளை டப்பாவை இறுக மூடி, பானை நீரில் வேகவைத்து இறக்க வேண்டும். நடுவில் கை மாறினால் தவறு எங்கே நடந்தது என்று தெரியாது என்பது முதலாளியம்மாவின் வாதம். அதில் நியாயம் இருக்கிறது.

அங்கே ஜன்னலோர மேசையில் வேலை செய்யும் பெண்மணியைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன். வீட்டிலும் பட்டறையிலும் அவரை "அப்புறம்" என்றுதான் கூப்பிடுவார்கள். சிறுவயதில் எதைச் சொன்னாலும் "அப்புறம் செய்றேன்" என்பாராம், செய்யவும் மாட்டாராம். கேலியாக ஒட்டிய பெயர் கல்யாணமாகி, மகள் கல்லூரிக்குப் போன பிறகும் உதிரவில்லை.

பல் அடுக்குவதில் அவரை மிஞ்ச அந்த ஊரில் ஆள் கிடையாது. பல் போனவரின் பழைய புகைப்படத்தை மேசையில் சாய்த்து வைத்துக்கொள்வார். தலையில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிவார். வரிசையாக, பளிச்சென்று, சோளக்கதிர் மாதிரி அடுக்கிக் கொடுப்பது எவருக்கும் கைவரும். இவர் ஒரு முன்பல்லை மயிரிழை சாய்ப்பார், பக்கத்துப் பல்லின் ஓரத்தைச் சற்றே தேய்ப்பார். அவ்வளவுதான், புகைப்படத்தில் இருந்த சிரிப்பு மெழுகில் வந்து உட்கார்ந்துவிடும். "அந்த அம்மா கையில் கொடுங்கள்" என்று மருத்துவர்கள் சொல்லி அனுப்புவார்கள்.

அந்த நேரத்தில் பட்டறைக் கூரை இடிந்து விழுந்தாலும் அவருக்குக் கேட்காது. அதுதான் சிக்கல். ஏனென்றால் அதே நேரத்தில் பின்னறையில் முந்தைய செட்டின் பானை அடுப்பில் இருக்கும். நீர் மெல்ல மெல்லச் சூடேற வேண்டும். குபுகுபுவென்று கொதிப்பதற்கு முன் சூட்டைத் தணிக்க வேண்டும். தணிக்காவிட்டால் ஈறு நிற மாவுக்குள் பொடித் துளைகள் விழுந்து, செட் பஞ்சு மாதிரி ஆகிவிடும். அதை எவர் வாயிலும் வைக்க முடியாது. மற்றவர்கள் எட்டிப் பார்த்து எட்டிப் பார்த்து வேலை செய்வார்கள். இவர் குனிந்தால் நிமிர மாட்டார். அலாரம் வைத்தும் பார்த்தார். அது அடிக்கும், கை தானாகப் போய் அணைக்கும், வாய் "இதோ" என்று சொல்லும், கண் பல்லை விட்டு நகராது.

இப்படிப் பானைகள் கருகின. ஒவ்வொரு முறையும் அவர் கூனிக் குறுகி நிற்பார், தன் ஓய்வு நாளில் வந்து புதிதாகச் செய்து கொடுப்பார். பக்கத்து மேசைக்காரர், புருவம் வரை பிளாஸ்டர் படிந்திருப்பதால் "மாவு அண்ணன்" என்று பெயர் வாங்கியவர், ஒருநாள் எல்லோர் காதிலும் விழக் கேட்டார்: "பல்லைப் பாக்க மட்டும் கவனம் வருது, பானையப் பாக்க வரலையா? வேணும்னா முடியுது, வேணாம்னா முடியல. அப்படித்தானே?"

அவரே தன்னிடம் தினமும் கேட்டுக்கொள்ளும் கேள்வி அது.

கடைசியாக ஒரு செட் பஞ்சானபோது முதலாளியம்மா அவரைத் தனியே கூப்பிட்டார். கத்தவில்லை. "எனக்கு உன் மேல கோபம் இல்லம்மா. ஆனா பல்லில்லாம வாயப் பொத்திக்கிட்டு உட்கார்ந்திருக்கிற மனுஷனுக்கு நான் என்ன பதில் சொல்றது? இன்னொரு பானை கருகினா மேசையக் காலி பண்ணிடு."

அந்த மேசைதான் அவர் வாழ்க்கையில் அவரைத் திறமைசாலி என்று சொன்ன ஒரே இடம். மற்ற இடங்களில் எல்லாம் கேட்டது வேறு. பள்ளியில் ஆசிரியைகள் வருஷம் தவறாமல் "புத்தியுள்ள பெண், முயற்சி போதாது" என்று எழுதினார்கள். வகுப்பில் சத்தம் போடாமல் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண் குழந்தையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. தொந்தரவு கொடுத்தால்தானே பார்ப்பார்கள்! தொந்தரவு கொடுத்த குழந்தை வீட்டிலேயே இன்னொன்று இருந்தது. அவருடைய தம்பி. பெயர் "பம்பரம்". மதில் மேல் நடப்பான், கேள்வி முடிவதற்குள் பதில் சொல்வான், சாப்பாட்டுத் தட்டோடு வீட்டைச் சுற்றி வருவான். அவனை ஊரே "துருதுருன்னு ஆம்பளப் புள்ள" என்று கொஞ்சியது, நாலு சாத்தும் சாத்தியது. அக்காவுக்குக் கொஞ்சலும் இல்லை, சாத்தும் இல்லை. ஒரு பட்டம் மட்டும் கிடைத்தது: சோம்பேறி. அடுப்பில் வைத்ததை மறக்கும் ஆணுக்கு "யோசனையில இருக்கார்" என்று சலுகை தரும் உலகம், அதையே செய்யும் பெண்ணுக்குப் "பொறுப்பில்லாதவ" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறது. வாதமும் கிடையாது, மேல்முறையீடும் கிடையாது.

கணவர் கெட்டவர் இல்லை. இவர் தொலைத்த குடைகளைச் சேர்த்து வைத்திருந்தால் குடைக்கடை போட்டிருக்கலாம் என்று சொல்லிச் சொல்லிக் களைத்த மனிதர், அவ்வளவே. உறவுக்காரர் ஒருவர் ஞாபகசக்தி டானிக் என்று ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து தந்தார். மூளையின் ஆயிரம் நோய்க்கும் ஒரே மருந்து என்று அதன் மேல் அச்சடித்திருந்தது. அந்தப் பொய்யை அச்சடித்தவனைக் கேட்பாரில்லை. இவர் ஒரு வேளை குடித்தார். மறு வேளை குடிக்க மறந்துவிட்டார். கணவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். இவரும் சேர்ந்து சிரித்தார். பிறகு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதார்.

பம்பரம் வளர்ந்தும் பம்பரமாகவே இருந்தான். வண்டியில் பார்சல் கொண்டு சேர்க்கும் வேலை. மேலாளர் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொன்னால் தொப்பியைக் கழற்றி மேசையில் அடித்துவிட்டு வெளியே வந்துவிடுவான். தெருமுனைக்குப் போனதும் ஏன் செய்தோம் என்று தோன்றும். மீன் இல்லாத மீன்தொட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து வீட்டுக் கூடத்தில் வைத்த அன்று அவன் மனைவி, டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தால்தான் பேச்சு என்று சொல்லிவிட்டாள்.

மனநல மருத்துவர் ஒரு பெண்மணி. தான் சந்தேகப்படும் தொல்லை இருந்தால் அது சிறுவயதிலேயே தலைகாட்டியிருக்க வேண்டும் என்பதால், அவனைக் குழந்தையாகப் பார்த்த ஒருவரைக் கூட்டிவரச் சொன்னார். பெற்றோர் இல்லை. அக்கா போனார்.

அந்தச் சின்ன அறையில் மருத்துவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். பொருள்களைத் தொலைப்பானா? சொல்வதைக் கேட்டுக்கொண்டிருப்பது போல் இருக்கும், ஆனால் காதில் ஏறியிருக்காதா? பிடித்த வேலையில் உலகத்தை மறந்துவிட்டு, பிடிக்காத வேலையைத் தொடக்கூட முடியாமல் திணறுவானா? தொடங்கிய வேலைகள் பாதியில் நிற்குமா? அக்கா முதலில் மளமளவென்று பதில் சொன்னார். பிறகு குரல் இறங்கியது. பிறகு கைப்பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

"டாக்டர்," என்றார், "இதெல்லாம் அவனப் பத்திக் கேக்கறீங்களா, என்னப் பத்தியா?"

பம்பரம் குறுக்கே விழுந்தான். "நானும் அதான் நினைச்சேன். ரெண்டாவது கேள்வியிலயே சொல்ல வந்தேன்க்கா, டாக்டர் திட்டுவாங்கன்னு வாய மூடிக்கிட்டேன்." அவன் வாயை மூடிக்கொண்டிருந்தது அங்கே யாருக்கும் நினைவில்லை.

மருத்துவர் பேனாவை வைத்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார். ஏ.டி.எச்.டி. என்ற இந்தக் கவனக் கோளாறு என்றால் எல்லோரும் ஓடி ஆடும் பையனைத்தான் நினைக்கிறார்கள். அது ஒரு வகை: உடம்பு ஓயாது, நாக்கு காத்திருக்காது, கை யோசிக்கும் முன் செய்துவிடும். வயது ஏற ஏற ஓட்டம் உள்ளுக்குள் போய்விடும். வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், உள்ளே மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும். இன்னொரு வகையில் ஆர்ப்பாட்டமே இருக்காது. கவனம் நழுவும், பொருள் நழுவும், நேரம் நழுவும். பெண்களிடம் இது பெரும்பாலும் கண்ணில் படாமலே போய்விடுகிறது; பிள்ளைக்குப் பரிசோதனை செய்ய வந்த இடத்தில் தாய் தன்னைக் கண்டுபிடிப்பது அவருக்குப் பழகிப்போன காட்சி. இரண்டும் கலந்து வருவது மூன்றாவது. குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் இன்னொருவருக்கும் இருக்க வாய்ப்பு அதிகம். கவனமே இல்லாத நோய் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள் என்றார். கவனம் நிறையவே இருக்கிறது, அதன் கடிவாளம்தான் கையில் நிற்பதில்லை.

அக்காவுக்கு ஒரே ஒரு சந்தேகம். "அப்போ நான் சோம்பேறி இல்லையா?"

"சோம்பேறி வேலையத் தள்ளிப்போட்டுட்டு நிம்மதியா இருப்பான்," என்றார் மருத்துவர். "நீங்க ஒரு நாளாவது நிம்மதியா இருந்திருக்கீங்களா?"

மாவு அண்ணனுக்கும், ஆசிரியைகளுக்கும், தனக்கும் சேர்த்து இத்தனை வருஷமாகத் தேடிய பதில் எதிரில் வந்து உட்கார்ந்திருந்தது. பம்பரம் எழுந்துபோய் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்தான். பாதி வழியில் சிந்தியிருந்தான்.

அன்றே பெயர் சூட்டி அனுப்பிவிடவில்லை அந்த மருத்துவர். தனியே வரச் சொன்னார். தைராய்டுக்கு ரத்தம் பார்த்தார், தூக்கத்தைக் கேட்டார், மனச்சோர்வும் பதற்றமும் இதே முகத்தோடு வரும் என்பதால் அவற்றையும் அலசினார். வீட்டில் எப்படி, வேலையில் எப்படி, பள்ளியில் எப்படி என்று மூன்றையும் ஒப்பிட்டார். இப்படித்தான் இருக்க வேண்டும் ஒரு பரிசோதனை. எவனோ செல்போனில் ஓடவிடும் பத்துக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு எனக்கு இது, உனக்கு அது என்று பட்டம் கட்டிக்கொள்வதும் டானிக் பாட்டிலுக்குத் தங்கச்சிதான். முடிவில் தம்பிக்குக் கலந்த வகை, அக்காவுக்குக் கவனம் நழுவும் வகை என்று உறுதியானது. இருவருக்கும் மருந்து குறைந்த அளவில் ஆரம்பமானது.

மருந்து எப்படியிருக்கிறது என்று கேட்ட கணவரிடம் அவர் சொன்னார்: "இத்தனை நாள் சந்தை நடுவுல உட்கார்ந்து வேலை செஞ்ச மாதிரி இருந்துச்சு. இப்போ சந்தை தெருக்கோடிக்குப் போயிருக்கு. கலைஞ்சு போகல." கணவர் அதற்குப் பிறகு குடையைப் பற்றிப் பேசவில்லை. வாசல் கதவின் தாழ்ப்பாளிலேயே குடையை மாட்டி வைக்கத் தொடங்கினார். அதை எடுக்காமல் கதவைத் திறக்க முடியாது.

பட்டறையில் இதைச் சொல்லத் தைரியம் வேண்டும். சொன்னார். முதலாளியம்மா முழுவதும் கேட்டுக்கொண்டார். "சரிம்மா, பேர் வச்சாச்சு. பேர் வச்சா பானை தானா இறங்குமா?"

கேட்கக் கொடுமையாக இருந்தாலும் நேர்மையான கேள்வி. அவமானம் குறைந்திருந்தது, குனிந்தால் நிமிராத பழக்கம் பாதிதான் குறைந்திருந்தது.

அப்போது பம்பரம் ஒரு யோசனை சொன்னான். பார்சல் வேலையை மறுபடியும் விட்டிருந்தான். "நீ பல்லப் பாருக்கா, நான் பானையப் பாக்கறேன். எனக்குத்தான் உட்காரவே முடியாதே, நின்னு பாக்கறதுக்கு என்னைவிட ஆள் கிடைக்குமா?" முதலாளியம்மா வெளியே போயிருந்த ஒரு காலையில் அவனைப் பின்னறையில் நிறுத்தினார் அக்கா.

கொஞ்ச நேரம் நன்றாகத்தான் நின்றான். பிறகு சந்தில் ஒரு லாரி பின்னால் எடுக்க முடியாமல் திணறியது. "வரட்டும், வரட்டும், லெஃப்ட்ல ஒடி" என்று ஜன்னல் வழியே கத்தினான். கத்தினால் போதவில்லை, இறங்கிப் போனான். லாரி மதில் ஒன்றை உரசியது. மதில்காரர் வந்தார். இவன் நடுவராக நின்று இரு தரப்பையும் சமாதானப்படுத்தி, கை குலுக்க வைத்து, அவர்கள் வாங்கித் தந்த டீயையும் குடித்தான். அன்று அந்தத் தெருவில் அவனைப் போல் உபகாரி யாருமில்லை. பானையில் தண்ணீர் வற்றி, டப்பா கருகி, நாற்றம் வாசல் வரை வந்தபோது முதலாளியம்மா உள்ளே நுழைந்தார்.

தவறு தன்னுடையது என்று பம்பரம் தலையில் அடித்துக்கொண்டான். முதலாளியம்மா அவனைப் பார்க்கவே இல்லை. "தொடங்கினவங்கதானே முடிக்கணும்? பானைக்குக் காவல் வைக்கச் சொன்னேனா?"

அக்கா சாக்குச் சொல்லவில்லை. "அவன் மேல தப்பில்லம்மா. நான் தொடங்கினது." பிறகு, வாழ்நாளில் முதல் தடவையாக, தனக்காக ஒன்றைக் கேட்டார். "திங்கட்கிழமை வரைக்கும் டைம் குடுங்க. மன்னிப்புக் கேக்கல. வழியோட வர்றேன்."

முதலாளியம்மா கருகிய டப்பாவை இடுக்கியால் எடுத்துத் தொட்டியில் போட்டார். "வழியோட வா. இல்லன்னா பைய எடுத்துட்டு வா, உன் சாமானப் போட்டுக்க."

மருத்துவர் ஏற்கெனவே ஒரு முகவரி கொடுத்திருந்தார். இதே தொல்லை உள்ள பெரியவர்கள் ஞாயிறு காலையில் நூலக மாடியில் கூடிப் பேசுவார்கள். போக வேண்டும் என்று நினைத்து நினைத்து மறந்து கிடந்த முகவரி. இந்தத் தடவை பம்பரம் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான், பிராயச்சித்தமாக. அவசரத்தில் முதலில் சதுரங்கக் குழுவின் அறைக்குள் நுழைந்து, ஆட்டம் தெரியாமலே ஒருவருக்கு யோசனை சொல்லித் துரத்தப்பட்டு, பிறகு சரியான அறைக்கு வந்தார்கள்.

அங்கே ஒருவர் காலை ஆட்டிக்கொண்டே பேசினார். ஒரு பெண் பின்னிக்கொண்டே கேட்டார். கைக்கு வேலை கொடுத்தால்தான் அவருக்குக் காது திறக்குமாம். தாமதமாக வந்தவர்களை யாரும் கடிந்துகொள்ளவில்லை. கூட்டம் நடத்த வேண்டியவரே தாமதமாகத்தான் வந்தார். அக்கா பானையின் கதையைச் சொன்னார். சொல்லி முடித்ததும் யாரும் "கொஞ்சம் அக்கறையா இருக்கக் கூடாதா" என்று கேட்கவில்லை. கிட்டப்பார்வைக்காரரிடம் கொஞ்சம் அக்கறையாகப் பாருங்கள் என்று நாம் உபதேசிப்பதில்லை, கண்ணாடி வாங்கித் தருகிறோம். அந்த நாகரிகத்தை அவர் அந்த மாடியில்தான் முதன்முதலில் பார்த்தார்.

அலாரம் வையுங்கள் என்று ஒருவர் ஆரம்பித்தபோது பள்ளி ஆசிரியர் ஒருவர் சிரித்துவிட்டார். வகுப்பறைச் சாவியைத் தினமும் மதியச் சாப்பாட்டு டப்பாவோடு கட்டி வைக்கும் மனிதர் அவர். "காதுல கேக்கறத நம்ம கையே அணைச்சிடும், மேடம். மறக்கற பொருளத் தேடி நீங்க போகாதீங்க. அது வந்து உங்க மேல இடிக்கணும்."

திரும்பும் வழியில் டீக்கடையில் வண்டியை நிறுத்தினான் பம்பரம். பாய்லர் பக்கம் நின்று அவன் கடைக்காரரோடு ஏதோ வாதாடிக்கொண்டிருந்தான். திடீரென்று பாய்லர் ஆவி பட்டு அக்காவின் மூக்குக் கண்ணாடி வெளுத்தது. தெரு மறைந்தது, தம்பி மறைந்தான், உலகமே பால் மாதிரி ஆனது. அவர் கண்ணாடியைத் துடைக்கவில்லை. அப்படியே நின்றார்.

"என்னக்கா?"

"பேசாத. டீயக் குடிச்சிட்டு வா. பட்டறைச் சாவிய வாங்கணும்."

திங்கட்கிழமை முதலாளியம்மா வந்தபோது பின்னறையில் பானை இல்லை. ஜன்னலோர மேசையின் இடப்பக்கம், மேசைக்குச் சற்றுக் கீழே, ஒரு ஸ்டூலில் மின்னடுப்பு. அதன் மேல் பானை. மெழுகு இருக்கும் இடத்தில் அடுப்பா என்று அவர் கேட்டதற்குப் பதில் தயாராக இருந்தது. மெழுகு வலப்பக்கம் ஒதுங்கியிருந்தது. ஈறு மாவைக் குழைக்கும், தீப்பிடிக்கும் திரவம் பின்னறையை விட்டு வெளியே வராது, இறுக்கி மூடிய டப்பா மட்டும்தான் வரும். நெருப்பு கிடையாது, மின்னடுப்புதான். முதலாளியம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மாவு அண்ணனும் மற்றவர்களும் வேலை செய்வதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அக்கா டப்பாவை நீரில் இறக்கினார். பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அடுத்த செட்டின் முன்பல்லை எடுத்தார். சற்று நேரத்தில் பட்டறை அவரை விட்டுப் போய்விட்டது. முதலாளியம்மா அங்கே நிற்பதும், அந்த மேசை போகப்போகிறதா இருக்கப்போகிறதா என்பதும்கூடப் போய்விட்டது. பல்லும் புகைப்படமும் அந்தச் சாய்வும் மட்டுமே மிஞ்சின. மாவு அண்ணன் தலையை ஆட்டினார். முதலாளியம்மா பானையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மறுபடி பானையைப் பார்த்தார்.

நீராவி முதலில் நூல் மாதிரி எழுந்தது. பிறகு கனத்தது. பூதக்கண்ணாடியின் ஓரம் மங்கியது, நடுவும் மங்கியது. கையிலிருந்த பல் காணாமல் போனது.

அவர் கை நின்றது. பல்லைக் கீழே வைத்தார், குனிந்து பார்த்தார், நீர் கொதிப்பதற்கு முன்னால் அடுப்பின் திருகைத் திருப்பினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்போதுதான் எல்லோரும் தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பது அவருக்குத் தெரிந்தது.

"அந்த ஜன்னலத் திறந்து வை," என்றார் முதலாளியம்மா. "சுவர் ஊறிடும்."

டப்பாவைத் திறந்தபோது ஈறு கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருந்தது. ஒரு துளை இல்லை.

இவர் கண்ணாடி வெளுத்தால் "மழை வந்தாச்சு" என்று இப்போது பட்டறையில் சொல்கிறார்கள். கேலிதான். ஆனால் அந்தக் கேலியில் முள் இல்லை. சில வாரம் கழித்து மாவு அண்ணன் தன் பானையைத் தூக்கிக்கொண்டு வந்து, ஸ்டூலில் இன்னும் இடம் இருக்கிறதா என்று கேட்டார். அவருடைய பானைகளும் அவ்வப்போது கருகிக்கொண்டுதான் இருந்தன. அவர் கரண்ட் மேல் பழி போட்டுக்கொண்டிருந்தார், யாரும் சந்தேகப்படவில்லை. ஒருத்தருக்குச் செய்த சௌகரியம் சலுகை என்று முணுமுணுப்பவர்கள் அந்த ஸ்டூலைப் பார்க்க வேண்டும்.

அவர் இன்னும் மறக்கிறார். ஞாயிறு கூட்டத்துக்குப் போகச் சனிக்கிழமையே கிளம்பி நின்றிருக்கிறார். பம்பரத்தோடு சேர்ந்து போகிறார். அவனை ஒரு பழுது பார்க்கும் பட்டறையில் சேர்த்துவிட்டதும் அந்தக் கூட்டத்து ஆள் ஒருவர்தான், அங்கே நாள் முழுக்க நடந்துகொண்டே வேலை. வீட்டில் இன்றும் அவர் "அப்புறம்"தான். அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு, ஒருவர் மேலும் எரிந்து விழாமல், தன் மூளைக்கு ஏற்றபடி ஒரு மேசையையே திருத்தி அமைத்தாரே, அதற்குத்தான் நான் தலை வணங்குகிறேன்.

பட்டறையின் சட்டம் மாறவில்லை. தொடங்கியவரே முடிக்க வேண்டும். அவர் முடிக்கிறார்.